தண்ணி குடுக்காதே: வாந்திபேதியும் குடலுக்குள் ஒரு வாசலும்

எங்கள் அம்மாயிக்கு ஒரு சட்டம் இருந்தது. பிள்ளைக்கு வயித்தால போனால் தண்ணி குடுக்கக் கூடாது. "குடுக்கக் குடுக்கப் போய்க்கிட்டேதான் இருக்கும், ஓட்டப் பானையில ஊத்துற மாதிரி" என்பார். எட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். அந்தச் சட்டத்தை அவருடைய அம்மாவிடம் கற்றுக்கொண்டார். கிளினிக் மிஸ்ஸி வந்து ஜீவனி பக்கெட்டைக் கையில் குடுத்து, "பாட்டி, இத ஒரு லீற்றர் தண்ணியில கரைச்சுக் குடுங்க, கொஞ்சம் கொஞ்சமா, நிறுத்தாம குடுங்க" என்று சொன்ன நாளில் அம்மாயி அதை நம்பவில்லை. நாங்க குடிச்சோம், பிழைச்சோம். அதுக்குப் பிறகும் அவர் முழுசா நம்பினார் என்று சொல்ல முடியாது.

அம்மாயியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் படித்த வைத்தியர்களும் வாந்திபேதிக்காரருக்குத் தண்ணியை மறுத்தார்கள். பலர் அதுக்கு மேலே போய், ஏற்கெனவே வற்றிப்போன உடம்பிலிருந்து இரத்தம் வேற இறக்கினார்கள், பேதி மருந்து குடுத்தார்கள். அவர்களோடு வைத்துப் பார்த்தால் அம்மாயியின் சட்டத்தில் ஒரு நேர்மையான அவதானிப்பாவது இருக்கு. வெறும் தண்ணி நிக்காது என்பது அவர் கண்ணால் பார்த்த விஷயம். அது ஏன் நிக்காது, ஒரு கரண்டி சீனியும் கொஞ்சம் உப்பும் சேர்ந்தால் ஏன் நிக்கும் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க நூற்றைம்பது வருசத்துக்கு மேல் எடுத்தது. அந்தப் பதில் நம் குடலின் ஒவ்வொரு கலத்தின் மென்சவ்விலும் இருக்கிற ஒரு வாசலில் இருக்கு. அந்த வாசலின் கதையும் நம்ம ஆட்கள் இந்த நாட்டுக்கு நடந்து வந்த கதையும் ஒரு இடத்தில் முட்டிக்கொள்கின்றன.

கேகாலையும் கொள்ளை நோயும் என்றால் வரலாறு தெரிந்தவர்களுக்கு 1934–35 மலேரியாதான் நினைவுக்கு வரும். அது வேறு கதை, தனியாக எழுத வேண்டியது. கொலரா அதுக்கு முந்தியது, நம் பெயரோடு ஒட்டவைக்கப்பட்டது.

கோப்பிக் காலத்தில் மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கமிருந்து கங்காணிக்குப் பின்னால் புறப்பட்ட கூட்டங்கள் கடலைத் தாண்டி மன்னாரில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வரைக்கும் நடந்தன. தண்ணீர் கிடைத்த இடங்கள் குறைவு. கிடைத்த குளத்தில் எல்லாரும் குடித்தார்கள், எல்லாரும் குளித்தார்கள், நோய் வந்தவரின் துணியும் அங்கேதான் அலசப்பட்டது. கொலராக் கிருமிக்கு இதைவிட வசதியான பாதை கிடைக்காது. நடக்க முடியாதவரை வழியில் விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்ததை அந்தக் காலத்து ஆவணங்களே சொல்கின்றன. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் சண்டை இருக்கு. விழுந்தவர்களை யாரும் பேர் எழுதி எண்ணவில்லை, சண்டை வராமல் எப்படி இருக்கும்?

தாது வருசப் பஞ்சத்தில், அதாவது 1876–78இல், மதராஸ் மாகாணமே பட்டினியில் கிடந்தபோது இந்தப் பக்கம் வந்தவர்கள் பெருகினார்கள். பட்டினி கிடந்த உடம்பும் நெருக்கடியும் கெட்ட தண்ணியும் ஒன்றாகச் சேர்ந்தன. இறக்குவானை, பலாங்கொடைப் பக்கம் கோப்பிக் காலத்திலேயே ஆள் வந்தாலும், களனிப் பள்ளத்தாக்குத் தோட்டங்களுக்குப் பெருமளவில் ஆள் வந்தது தேயிலையும் அதுக்குப் பின் ரப்பரும் பரவின காலத்தில். அப்போது நடைப்பாதை மாறிப்போயிருந்தது. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்பு, இடையில் தட்டப்பாறையிலோ ராகமையிலோ முகாம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு மண்டபம் முகாம். சில நாள் அடைத்து வைத்து, குளிக்க வைத்து, உடுப்பை ஆவியில் போட்டு, பிறகு எந்தத் தோட்டம் என்று எண் அடித்த தகர வில்லையோடு அனுப்பினார்கள்.

கொலரா உடம்புக்குள் போய் வெளியே தெரிய சில மணித்தியாலம் தொடக்கம் ஐந்து நாள் வரை எடுக்கும். ஆகவே முகாமில் நிறுத்தி வைப்பதில் ஒரு மருத்துவ நியாயம் இருந்தது, அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த நியாயத்தோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டே வந்தது: 'கூலிதான் நோயைக் கொண்டுவருகிறான்.' தண்ணியைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் ஆளைப் பற்றிப் பேசினார்கள். லண்டனில் ஜோன் ஸ்னோ 1854இலேயே ஒரு தெருவின் தண்ணிப் பம்பைக் காட்டி, நோய் தண்ணியில் வருகிறது என்று விளங்கப்படுத்தியிருந்தார். குளத்தைச் சுத்தமாக்குவது செலவு, ஆளை அடைப்பது மலிவு. தோட்டத்து ஆட்களின் மருத்துவத் தேவைக்காக 1872இல் ஒரு சட்டமும் 1912இல் இன்னொன்றும் வந்தன. சட்டம் வந்த அளவுக்கு பீலித் தண்ணி மாறியதா என்று கேட்டால், இன்றைக்கும் சில டிவிசன்களில் பதில் சொல்லக் கஷ்டம்.

இப்போது வைத்தியத்துக்கு வருவோம். 1831–32இல் கொலரா பிரித்தானியாவுக்குப் போனபோது ஓஷோனசி என்ற இளம் வைத்தியர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். தண்ணியும் உப்பும் குறைந்து இரத்தம் தடித்துப் போயிருந்தது. இதை வாசித்த தொமஸ் லட்டா, எடின்பரோவுக்குப் பக்கத்து லீத்தில், சாகக் கிடந்த ஒரு வயதான அம்மாவின் நரம்பில் உப்புத் தண்ணியை ஏற்றினார். அவர் எழுந்து பேசும் அளவுக்குத் தேறினார். லட்டா நம்பிக்கையோடு நகர்ந்தார். வயிற்றோட்டம் திரும்பத் தொடங்கியது, மறுபடி யாரும் ஏற்றவில்லை, சில மணித்தியாலத்தில் அந்த அம்மா இறந்துபோனார். எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அந்த 'மறுபடி'. ஓட்டை அடைபடவில்லை என்றால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அம்மாயி சொன்ன ஓட்டப் பானைதான், ஆனால் அதிலிருந்து எடுக்க வேண்டிய முடிவு நேர் எதிரானது.

லட்டாவின் முறை பிறகு கைவிடப்பட்டது. கொல்கத்தாவில் லெனார்ட் ரோஜர்ஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் திருத்திப் பயன்படுத்தி, இறப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். ஆனால் அதுக்கு ஊசி வேணும், சுத்தமான திரவம் வேணும், வைத்தியர் வேணும், போத்தல் போத்தலாகச் சரக்கு வேணும். மழைக்காலத்தில் பாதையே இல்லாத ஒரு தோட்டத்தின் டிஸ்பென்சரிக்கு அது எட்டுமா?

கிருமியை 1884இல் கொல்கத்தாவில் ரொபர்ட் கொக் பிரித்துக் காட்டினார். இந்தக் கிருமி ஒரு நஞ்சை விடுகிறது என்றும் ஊகித்தார். அந்த நஞ்சைத் தேடியவர்கள் பல பத்தாண்டுகள் தப்பான இடத்தில் தேடினார்கள். கிருமியை மிருகங்களின் இரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். கொலரா குடலில் வருகிற நோய். குடலில் வைத்துப் பார்த்தவர் சம்புநாத் டே என்ற வங்காளி.

டே வேலை செய்த கொல்கத்தா ஆய்வகத்தில் பெரிய கருவி எதுவும் இல்லை. முயல் இருந்தது, நூல் இருந்தது. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, கட்டிய பகுதிக்குள் கிருமியைச் செலுத்தி, அடுத்த நாள் திறந்து பார்த்தார். அந்தத் துண்டு மட்டும் தண்ணி நிரம்பிப் பலூன் மாதிரி வீங்கியிருந்தது. இது 1953இல். 1959இல் அடுத்த படி: கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாமல், அந்தத் திரவத்தை மட்டும் உள்ளே விட்டார். அப்போதும் வீங்கியது. ஆகவே ஆளைக் கொல்வது கிருமியின் உடம்பு இல்லை, அது வெளியே விடும் நஞ்சு. 'நேச்சர்' இதழில் வந்த அந்தக் கட்டுரை மிகச் சிறியது. டே 1985இல் இறந்தார். உயிரோடிருந்தவரை அவருக்குத் தன் நாட்டில் பெரிய அங்கீகாரம் எதுவும் கிடைக்கவில்லை. நோபல் பரிசு பெற்ற ஜோசுவா லெடர்பேர்க் அவரை அதே பரிசுக்குப் பரிந்துரைத்தார் என்பது பிறகு தெரிய வந்தது. 1978இல் சுவீடனில் கொலரா பற்றி நடந்த நோபல் கருத்தரங்குக்கும் டேயை அழைத்தார்கள்.

சரி, நஞ்சு குடலில் என்ன செய்யுது? குடலின் உள்தோல் வெந்து உரிந்து போவதால் தண்ணி கொட்டுகிறது என்றுதான் பழைய ஆட்கள் நினைத்தார்கள். நோயாளிகளின் குடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தபோது உள்தோல் முழுசாக இருந்தது. காயம் இல்லை, ஓட்டை இல்லை. அப்படியென்றால் கலங்களே தண்ணியை வெளியே அனுப்புகின்றன.

இங்கேதான் அந்த வாசல் வருகிறது. கலத்தைச் சுற்றியிருக்கும் மென்சவ்வு இரண்டு படை கொழுப்பு. ஒரு மில்லிமீற்றரை இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறைவிட மெல்லியது. எண்ணெயில் உப்புக் கரையாது என்பது சமைக்கிற எல்லாருக்கும் தெரியும். அதே காரணத்தால் சோடியம், பொற்றாசியம், குளோரைட்டு போன்ற மின்னேற்றம் கொண்ட அயன்கள் இந்தக் கொழுப்பைத் தாண்ட முடியாது. தாண்ட வேண்டுமென்றால் மென்சவ்வில் குத்தி நிற்கும் ஒரு புரதத்தின் நடுவில் துவாரம் வேண்டும். அதுதான் அயன் கால்வாய். கால்வாய் என்ற சொல் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, தோட்டத்தில் வெட்டுகிற கான் மாதிரி எப்போதும் திறந்து கிடப்பதாக நினைக்க வைக்கும். இதுக்குக் கதவு உண்டு. சில கதவு மின்னழுத்தம் மாறினால் திறக்கும், சில கதவு ஒரு இரசாயனம் வந்து ஒட்டினால் திறக்கும். எந்த அயனை விடுவது என்பதிலும் பெரும்பாலும் கறார். திறந்துவிட்டால் வேகம் பயங்கரம். மென்சவ்வில் இருக்கும் சோடியம்–பொற்றாசியம் பம்பி சக்தி செலவழித்து ஒரு செக்கனுக்குச் சில நூறு அயன்களைத் தூக்கிப் போடும். ஒரு கால்வாய் அதே செக்கனில் இலட்சக்கணக்கில், கோடிக்கணக்கில்கூட விடும்.

கண்ணுக்குத் தெரியாத இந்த ஒற்றை வாசல் திறப்பதை எப்படிப் பார்த்தார்கள்? கோபன்ஹேகனில் ஹன்ஸ் உசிங் 1951இல் ஒரு வழி காட்டினார். தவளைத் தோலை இரண்டு அறைகளுக்கு நடுவே திரைபோலக் கட்டி, இரண்டு பக்கமும் ஒரே உப்புத் தண்ணியை நிரப்பி, தோலைத் தாண்டி ஓடும் மின்னோட்டத்தை அளந்தார். அயன் நகர்ந்தால் அதுவே மின்னோட்டம். இதே மாதிரி அறையில் முயல் குடலைக் கட்டிக் கொலரா நஞ்சைச் சேர்த்தபோது, குளோரைட்டு குடலின் உட்பக்கத்துக்குக் கொட்டப்படுவது 1970களின் தொடக்கத்தில் தெளிவானது. ஆனால் இது கோடிக்கணக்கான வாசல்களின் மொத்தக் கணக்கு, தனி ஒன்றின் கணக்கில்லை.

தனி ஒன்றைப் பிடித்தவர்கள் ஜெர்மனியில் ஏர்வின் நெயரும் பெர்ட் சக்மனும். முனை ஒரு மைக்ரோமீற்றர் அளவுள்ள கண்ணாடிக் குழாயைக் கலத்தின்மேல் மெல்ல அழுத்தினார்கள். குழாயின் வாய்க்குள் அகப்பட்ட அந்தச் சிறு துண்டு மென்சவ்வில் ஒன்றிரண்டு கால்வாய்தான் இருக்கும். 1976இல் தவளைத் தசையில் முதல் பதிவு வந்தது. கோடு நேராகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு படி ஏறும், கொஞ்ச நேரம் அங்கேயே நிக்கும், டக்கென்று இறங்கும். ஏறினால் திறந்தது, இறங்கினால் மூடியது. பாதி திறப்பதென்பது இல்லை என்று சொல்லலாம். அந்தப் படியின் உயரம் சில பிக்கோ அம்பியர். ஒரு பிக்கோ அம்பியர் என்றால் செக்கனுக்கு அறுபது இலட்சத்துக்கும் மேல் அயன். ஒரே ஒரு மூலக்கூறு வேலை செய்வதை மனிதர் நேரடியாகப் பார்த்த மிக ஆரம்பத் தருணங்களில் அது ஒன்று. 1991இல் இருவருக்கும் நோபல்.

கொலராவின் வாசலுக்குப் பெயர் சி.எஃப்.டி.ஆர். அதைக் கண்டுபிடித்தது கொலராவைத் தேடியவர்கள் இல்லை. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் ஒரு பரம்பரை நோயில் பிள்ளைகளின் நுரையீரல் சளி பசை மாதிரித் தடித்துப் போகும், வியர்வை அளவுக்கு மீறி உப்பாக இருக்கும். அந்த நோயின் மரபணுவை 1989இல் பிரித்தெடுத்தார்கள். அது உருவாக்கும் புரதம் ஒரு குளோரைட்டுக் கால்வாய் என்று அடுத்த இரண்டு மூன்று வருசத்தில் உறுதியானது. அந்தப் பிள்ளைகளுக்கு வாசல் திறக்காது. கொலராக்காரருக்கு மூடாது. ஒரே வாசல், இரண்டு எதிர் நோய்.

எப்படி மூடாமல் போகுது? நஞ்சின் ஒரு பகுதி கலத்துக்குள் புகுந்து, வாசலுக்குக் கட்டளை அனுப்பும் சுவிச்சைப் போட்ட நிலையிலேயே ஒட்டிவிடுகிறது. கட்டளை ஓயாமல் போகிறது, குளோரைட்டு ஓயாமல் கொட்டுகிறது, அதன் பின்னால் சோடியம், உப்புப் போன பக்கம் தண்ணி. கடுமையான நோயாளிக்கு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர் வரைக்கும் போகலாம். ஆனால் ஒன்று கவனியுங்க: குடலின் கலங்கள் சில நாளுக்கொருமுறை உதிர்ந்து புதுசு முளைக்கும். ஒட்டிப்போன சுவிச்சும் அதோடு போய்விடும். அதுவரைக்கும், ஒரு நாலைந்து நாள், ஆளைத் தாக்குப்பிடிக்க வைத்தால் போதும். வழியில் விடப்பட்டவர்களுக்குக் கிடைக்காமல் போனது அந்த நாலைந்து நாள்தான்.

தாக்குப்பிடிக்க வைக்கும் வழி பக்கத்திலேயே இன்னொரு கதவாக இருந்தது. 1960இல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ரொபர்ட் கிரேன் சொன்னார்: குடற்கலம் குளுக்கோசை உள்ளே எடுக்கும்போது சோடியத்தையும் சேர்த்தே எடுக்கிறது, இரண்டும் ஒரே தூக்கியில் ஏறும். இது கால்வாய் இல்லை, ஆள் ஏற்றி இறக்கும் தோணி மாதிரி. கொலரா நஞ்சு இந்தத் தோணியைத் தொடுவதே இல்லை. ஆகவே தண்ணியில் உப்பையும் சீனியையும் சரியான அளவில் போட்டால், முன்வாசலால் கொட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கக் கதவால் உள்ளே ஏற்றலாம். வெறும் தண்ணியில் தோணிக்கு ஏறுவதற்கு ஆளே இல்லை. அம்மாயி பார்த்தது அதைத்தான்.

1968இல் டாக்காவில் நேலினும் காஷும் இதை நோயாளிகளில் நிரூபித்தார்கள். ஊரை நம்ப வைத்தது 1971. பங்களாதேஷ் போரில் ஓடிவந்த அகதிகள் எல்லையோரம் பங்காவ்னில் குவிந்தபோது கொலரா வெடித்தது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. திலீப் மஹலானாபிஸ் உப்பு, சோடா, குளுக்கோசு மூன்றையும் கலந்து பெரிய பாத்திரங்களில் கரைத்து வைத்து, நோயாளியின் சொந்தக்காரர் கையிலேயே கோப்பையைக் குடுத்துவிட்டார். அம்மாவும் அக்காவும் ஊட்டினார்கள். முப்பது சதவீதம் அளவில் இருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. 2022இல் அவர் இறந்தபோது நம்ம பக்கம் எத்தனை பேருக்குச் செய்தி தெரிந்தது என்று தெரியாது, ஆனால் அவர் கலக்கிய தண்ணியைக் குடிக்காத பிள்ளை லயத்தில் இல்லை.

ஜீவனி என்று நாம் சொல்வது அதன் வாரிசு. உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய அளவில் ஒரு லீற்றருக்குச் சாதாரண உப்பு 2.6 கிராம், குளுக்கோசு 13.5, பொற்றாசியம் குளோரைட்டு 1.5, சோடியம் சித்திரேற்று 2.9. பக்கெட்டை அரை லீற்றரில் கரைத்தால் நல்லா வேலை செய்யும் என்று சிலர் நினைக்கிறாங்க. தப்பு, உப்பு கூடிவிடும். இனிப்புப் போதாதென்று மேலும் சீனி போடுவதும் தப்பு, அதிகச் சீனி தண்ணியைக் குடலுக்குள் இழுக்கும். கரைத்ததை இருபத்துநாலு மணித்தியாலத்துக்குப் பிறகு ஊற்றிவிட வேண்டும். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி குடுத்த பாட்டிகளும் இருந்தாங்க. அவங்க சரி, கஞ்சியின் மாப்பொருள் குடலில் குளுக்கோசாகத்தான் உடையும். செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொற்றாசியம் கூட, சோடியம் குறைவு, தனியாக அது ஈடு செய்யாது.

இந்த வாசலை நேரடியாக அடைக்க மருந்து இல்லையா என்று கேட்பீங்க. தென்னமெரிக்காவில் வளரும் ஒரு குரோட்டன் மரத்தின் சிவப்புப் பாலிலிருந்து எடுத்த குரோஃபெலமர் என்ற மருந்து சி.எஃப்.டி.ஆரையும் இன்னொரு குளோரைட்டுக் கால்வாயையும் அடைக்கும். எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களின் வயிற்றோட்டத்துக்கு 2012இன் கடைசியில் அமெரிக்கா அதை அனுமதித்தது. அந்த மரம் நாம் பால் வெட்டுகிற ரப்பர் மரத்தின் குடும்பம்தான், இரண்டும் ஒரே கண்டத்து மரம். பால் வெட்டிப் பிழைத்த ஊர்க்காரனுக்கு இதை வாசித்தபோது ஒரு சின்னச் சந்தோசம்.

இப்போது இலங்கையில் கொலரா பதிவாவது அரிது. ஆனால் ஈ.கோலை பற்றீரியாவின் சில வகைகள் விடும் நஞ்சு கொலரா நஞ்சின் கூடப்பிறந்ததுபோல, அதே சுவிச்சு, அதே வாசல். 2003இலும் 2017இலும் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. அப்படித் தண்ணி வடிந்த பிறகு கிணறுகளுக்குக் குளோரின் போட்டாகணும். மலைத் தோட்டத்தில் கிணறு இல்லை. மேலே ஊற்று, ஊற்றிலிருந்து கறுப்புக் குழாய், குழாய் வந்து விழும் பீலி. ஊற்றுக்கும் மேலே இன்னொரு லயம் இருந்தால், அந்த லயத்தின் மலசலகூடக் குழி எங்கே இருக்கு என்று பார்த்தீங்களா? மழை பெய்த மறுநாள் காலையில் பீலியில் குடம் வைக்கும்போது தண்ணியின் நிறத்தைப் பாருங்க. கலங்கி இருந்தால் எங்கள் வீட்டில் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். விறகுக்கு அம்மா திட்டுவார், பரவாயில்லை.